ஊருக்குப் போயிருக்கு

பாத்திரம் பறந்த மறுநாளெல்லாம்
எங்களுக்கு ஓட்டல் இட்லி.

கடலூர் ஓ.டி. மார்க்கெட்டுக்கு எதிர்ச்சந்து.
தானே புயலில் பெயர்ப்பலகை பிய்த்துக்கொண்டு போன கடை,
அப்புறம் யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை.
துறைமுகத்து ஆட்கள்
ஐஸ் தண்ணீர் சொட்டும் லுங்கியோடு எழுந்துபோன பெஞ்சில்
நாங்கள் உட்காருவோம்,
அப்பா, நான், தம்பி அறவாழி.
பெஞ்சு ஈரம் பாவாடையில் ஏறும்.
பள்ளியில் முதல் பீரியட் முழுக்க
என்மேல் கவலை மீன் வாசனை.

"வீட்ல இல்லியா?" என்பார் கலியபெருமாள்
இலையில் தண்ணீர் தெளித்தபடி.
"ஊருக்குப் போயிருக்கு" என்பார் அப்பா.

அம்மா எந்த ஊருக்கும் போகவில்லை.
நான்கு தெரு தள்ளி
பச்சைச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.
தலை வாரிப் பதினோரு நாள்.
நெற்றி பட்டுப் பட்டுச் சுவரில்
ஒரு இடம் மட்டும் பிசுக்காய் மின்னும்.
சில நாள் சோறு பொங்கும்போதே நின்றுவிடுவாள்,
கஞ்சி வழிந்து அடுப்பு அணைந்து
கேஸ் வாசனை தெருவுக்கு வந்த பிறகும் நிற்பாள்.
சில நாள், கையில் கிடைத்தது பறக்கும்.
தம்பி புருவத்தில் இருப்பது குழம்புக் கரண்டி.
என் தோளில், அரிவாள்மனைக் கட்டை.
அத்தை அதைத் திமிர் என்றாள்.
மஞ்சக்குப்பம் ஜி.எச். சீட்டில்
'தில்லைக்கரசி, வயது 34' என்பதற்குக் கீழே
என்னவோ எழுதியிருந்தார்கள்.
அது அப்பாவின் ஈ.பி. சட்டைப்பையோடு
வாளியில் ஊறிப்போனது.

அப்பா லைன்மேன்.
கம்பம் ஏறும் கைக்கு நடுக்கமே கிடையாது.
எனக்கு இட்லியைப் பிட்டு, ஆவி போக ஊதி,
தம்பி சாம்பாரில் மிளகாய் பொறுக்கி,
ஒற்றை வடையை எங்களுக்குப் பாதிபாதியாக்கி,
தனக்கு வெறும் டீ.
அந்தக் கைகளை எவ்வளவு பிடிக்கும் என்று
இன்றைக்கும் எனக்குச் சொல்ல வராது.
முந்தின இரவும்
அதே கைகளைப் பார்த்திருந்தேன்.
கரண்டியைப் பிடுங்கியது வரைக்கும் சரி.
பிடுங்கிய பிறகும் அவர் நிறுத்தவில்லை.
அம்மா கத்தக்கூட இல்லை.
வரவேண்டிய பாக்கி
தாமதமாய் வந்து சேர்ந்த மாதிரி
வாங்கிக்கொண்டாள்.

"இன்னொரு இட்லி வைக்கட்டா பாப்பா?"
வேண்டாம் என்று நான் சொன்னதே இல்லை.
இதையும் எழுதிவிடுகிறேன்.
சில ராத்திரிகளில்,
இன்றைக்குச் சண்டை வந்தால் தேவலை என்று
போர்வைக்குள் காத்திருந்திருக்கிறேன்.
விடிந்தால் ரவா தோசை.

கிளம்பும்போது ஒரு பொட்டலம் கட்டச் சொல்வார்.
யாருக்கு என்று கலியபெருமாள் கேட்டதில்லை.
ஊருக்குப் போனவளுக்கு
நாலு இட்லி, கெட்டிச் சட்னி தனியாக.
சாயங்காலம் வரை நூல் பிரியாமல் கிடக்கும் சில நாள்.
எறும்பு மட்டும் சாப்பிட்டிருக்கும்.

போன ஆவணியில்
அப்பாவுக்குக் காரியம் முடிந்த மறுவாரம்
அம்மாவைக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன்.
இப்போது ராத்திரி ஒன்று, காலையில் அரை,
மாத்திரை டப்பாவுக்கு அவளே ரப்பர்பேண்ட் போடுகிறாள்.
தம்பி வரவில்லை.
திருப்பூரில் இருக்கிறான், போனில்கூட
"சாப்ட்டியா" என்று கேட்டால் வைத்துவிடுவான்.

கல்லாவில் கலியபெருமாளின் மகன்.
தண்ணீர் டம்ளரை அவரே கொண்டுவந்து வைத்தார்.
என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.
"ஊர்லேர்ந்து எப்ப வந்தீங்க?"
"எந்த ஊரு? நான் இங்கதான இருந்தேன்"
என்றாள் அம்மா.
சட்னியைத் தொட்டுப் பார்த்து,
"கெட்டியா தனியாத் தருவீங்களே" என்றாள்.

அப்புறம் ஒரு ஈ.
அதை விரட்டக் கை தூக்கினாள்.
என் தோள் தானாக ஒதுங்கியது.
அவள் கை அந்தரத்திலேயே நின்றது,
ஈ இலைமேல் வந்து உட்கார்ந்தது.
நாங்கள் மூன்று பேரும் ஈயைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

யாரும் கேட்காமலே
இன்னொரு இட்லி வந்தது.