பதினாலு தசம் ஒண்டு

நூற்று நாற்பத்து மூன்றாவது எரிப்பு.
சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்:
முதல் வருஷம் ஏழு மணித்தியாலம்,
போன தை ஒன்பது,
நேற்றுப் பதினொன்றரை தாண்டியும்
பார்வைத் துளைக்குள் கூம்பு
தலை குனியாமல் நின்றது.

கோண்டாவிலில் பின்னேரம் வோல்ற்றேச் விழும்.
லைனைத் திட்டினேன்,
ஒழுங்கை முகப்பு அரிசி மில்லைத் திட்டினேன்,
கடைசியில் பூச்சு மாவையும்.
வெளியே வந்த வீட்டிலக்கங்கள் பதினேழும்
காய்ச்சல்காரன் நாக்குப்போல் மங்கிக் கிடந்தன.

றெஜினோல்ட் வந்தார். மெயினை நிப்பாட்டினார்.
மீற்றரின் இரண்டு கூரையும்
சுருளின் வாலில் வைத்தார்.
"புதுசில பன்னிரண்டு தசம் நாலு.
இப்ப பதினாலு தசம் ஒண்டு.
தடை ஏறியிருக்கு."

தடை ஏறினால் சூடும் ஏறாதோ என்றேன்.
"இல்லையக்கா, தடை ஏறினா வாறது குறையும்.
தொண்ணூறுகளில இஞ்சதானே இருந்தனீங்கள்?"

இருந்தேன்.
சவர்க்காரத்தை எட்டாய் வெட்டினவள் நானும்தான்.

கம்பிக்கு ஒரு தோல் உண்டாம்.
சூடு படப் படத் தன் உள்ளிருந்தே அலுமினியம் எடுத்து
சாம்பல் நிறத்தில் நெய்து போர்த்துக்கொள்ளுமாம்.
அது இல்லாவிட்டால் ஒரு கிழமை தாங்காது.
ஏறி ஆற, தோல் வெடிக்கும்.
திரும்ப நெய்யும்.
உள்ளே நூல் முடியுமட்டும்.

மூன்றாவது வரிசைச் சுருள்
பள்ளத்தை விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.
உள்ளே தள்ளிவிட விரலை நீட்டினேன்.
"தொடாதை..."
டிக்.
அப்பளம்கூட இவ்வளவு லேசாய் உடையாது.
ஆயிரத்து இருநூறு பாகையில் வளைந்து கொடுத்தது,
ஆறிக் கிடந்த காலமை
ஒரு விரலுக்குத் தாங்கவில்லை.

ஒன்றை மட்டும் மாற்றக்கூடாதாம்.
ஆறும் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தன,
மாலுபண் மணக்கிற பெட்டியொன்றில்,
மினுங்கிக்கொண்டு, ஒன்றும் தெரியாததுகள் மாதிரி.

முதல் எரிப்பு வெறுஞ்சூளை.
ஒரு சட்டியில்லை, ஒரு ஓடில்லை.
தோல் வளர மட்டும் இத்தனை யூனிட்;
பில் வரும்போது அவருக்கு என்ன சொல்வது?
பதினொரு மணிக்குத் துளையில் கண் வைத்தேன்.
செம்மஞ்சள்.
எரிக்க ஒன்றுமில்லாத செம்மஞ்சள்.
கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்,
நுளம்பு கடிக்கும்வரை.

கொப்பியில்: எரிப்பு ஒன்று. சரக்கு இல்லை.
விடிந்தால் பதினேழு வீட்டுக்காரரும் கோல் எடுப்பார்கள்.
உங்கட நம்பர் இன்னும் வேகேல்லை
என்றுதான் சொல்ல வேண்டும்.