இரண்டு கிராம், எண்பது டிகிரி

சோதனைக்கூடத்தில் உண்ணவோ பருகவோ கூடாதென்று
சிவப்பில் எழுதி ஒட்டியிருக்கிறது.
அதனால் தராசை மட்டும் கடன் வாங்குகிறேன்.
கண்ணாடிக் கதவைச் சாத்தி, மூச்சை அடக்கி,
வெள்ளைத் தாளில் இரண்டு கிராம்.
முறுக்கிய இலைகளுக்கு நடுவே
ஒரே ஒரு காய்ந்த ஆரஞ்சுத்தோல்
கணக்கைக் குலைக்கப் பார்க்கும்.

கெட்டில் இருப்பது லாக்கர் வரிசையின் முடிவில்.
பெலிசித்தா கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொள்வாள்:
"மூணு நிமிஷம் மேடம். நாலாச்சுன்னா கசக்கும்."
ஸ்டோர் ஜமாலுதீன் ஒரு மிடறு குடித்துவிட்டு
"ரசத்துல உப்பு கம்மி" என்பார்,
மறுநாளும் டம்ளரோடு வருவார்.

ஏலக்காய் யாரும் போடுவார்கள்.
நான் போட்டது பண்ருட்டிப் பலாச்சுளை,
வெயிலில் சுருங்கியதை நறுக்கி.
முதல் நாள் தேன்;
நான்காம் நாள் டப்பாவைத் திறந்ததும் கள்ளுக்கடை.
முந்திரிப்பழத் தோலில்
நாக்கு கஞ்சி போட்ட காலராக விறைத்தது.
பாதிரிப்பூவைக் கொதிநீரில் விட்டேன்,
ஊர்ப்பெயருக்கு மரியாதையாக.
அது பூவாக இருக்க மறுத்துவிட்டது.

ஓ.டி. வீட்டில் போர் தண்ணீர்.
பெர்கமாட் அதில் சோப்பாகிவிடும்.
கேன் தண்ணீரில் எழுந்து நிற்கும், ஆனால் பேசாது.
இதெல்லாம் குறிப்பேட்டில் இருக்கிறது,
தேதியோடு, வெப்பநிலையோடு.
கஜபதிக்கு எந்தப் பக்கத்திலும் ஒரே வரிதான்.
ஐஸ் பேக்டரியிலிருந்து அமோனியா மணக்க வந்து,
பாலில்லாத் தேநீரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு,
மூன்று கரண்டி சர்க்கரை போட்டு,
"நல்லா இருக்கு."

எதைப் போட்டாலும் கடைசியில் ஒன்று வந்தது.
அணைத்த தீக்குச்சி. நனைந்த அட்டைப்பெட்டி.
அப்படி ஏதோ.
டப்பாவைச் சந்தேகித்தேன், கெட்டிலை, என் கடைவாய்ப்பல்லை.
குன்னூர்க் கடைக்காரரைத் திட்டி எழுதினேன்.
பாவம், புதுப் பொட்டலம் அனுப்பினார்.
அதிலும் வந்தது.

ஐப்பசியில் பராமரிப்புக்காக எட்டு நாள்
பிளாண்டை நிறுத்தினார்கள்.
அதே வாரம் காற்றும் திரும்பியது.
மூன்றாம் நாள் சாயங்காலம், ஜன்னல் திறந்திருக்க,
அதே டப்பா, அதே எலுமிச்சைப்புல், அதே மூன்று நிமிடம்.
குடித்தேன்.
இருட்டில் இன்னொரு படி இருக்கிறதென்று கால் வைத்தவள் போல
நாக்கு தடுமாறி நின்றது.
கடைசியில் ஒன்றுமே இல்லை.
புல் மட்டும்.
கஜபதி டம்ளரை உருட்டிப் பார்த்துச் சொன்னான்:
"இன்னிக்கு என்னமோ குறையுதே."

வாடை என்று நாற்றத்தைச் சொல்கிறோம்,
வடக்கிலிருந்து வரும் காற்றையும் சொல்கிறோம்.
எங்கள் தெருவில் வாடைக்கு வாடை கிடையாது.
தென்றல் வந்தால்தான் ஜன்னலைச் சாத்துவோம்.
தென்றலைப் பாடியவர் ஒருவரும்
சிப்காட்டுக்கு வடக்கே குடியிருந்ததில்லை.

ஒவ்வொரு மாலையும் அறிக்கையில்
'வரம்புக்குள்' என்று கையெழுத்திடுவது நான்தான்.
பொய்யில்லை. எண்கள் வரம்புக்குள்தான் இருக்கின்றன.
எண்களுக்கு நாக்கு இல்லை.

ஒன்பதாம் நாள் பாய்லர் மூச்சு விட்டது.
லாக்கர் பக்கம் பெலிசித்தா கடிகாரத்தோடு நின்றாள்.
மூன்று நிமிடம். ஊற்றினேன்.
தொண்டையில் இறங்கிய பிறகு, சொல்லிவைத்தாற்போல்,
அணைத்த தீக்குச்சி.
"இப்பதான் டீ மாதிரி இருக்கு" என்றார் ஜமாலுதீன்.
எனக்கும் ஒரு நொடி அப்படித்தான் இருந்தது.
அதைத்தான் இன்னும் விழுங்க முடியவில்லை.

குறிப்பேட்டில் புதிதாக ஒரு கட்டம் கிழித்திருக்கிறேன்.
இலை, எடை, நீர், நிமிடம்,
அதற்கடுத்து: காற்று.
குன்னூருக்கு ஒரு தபால் அட்டை வாங்கி வைத்திருக்கிறேன்.
ஐயா, உங்கள் இலையில் குற்றமில்லை,
என்பது வரை எழுதியாயிற்று.