பின்தெரு வழியாக

செக்காலை ரோட்டில் மின்சாரம் போன சாயங்காலம்.
கைபேசி வெளிச்சத்தில்தான் பார்த்தேன்
அடைக்கலத்தின் நாக்கை.

இடது ஓரத்தில், செங்குத்தாக, வெள்ளைக் கோடுகள்.
சுவரில் யாரோ கரண்டியால் நாள் எண்ணிக் கிழித்த மாதிரி.
பஞ்சால் துடைத்தேன். வரவில்லை.
மறுபடி, அழுத்தி.
"வலிக்குதா?"
இல்லை என்று தலையாட்டினார்.
வலிக்காத வெள்ளை.
அதுதான் எனக்கு உதைத்தது.

கானாடுகாத்தான் பக்கத்துக் கல்யாணங்களுக்கு
அவர் கைச் சமையல்.
"எண்ணூறு இலை போட்டாலும்
நாக்குல வச்சுப் பாக்க மாட்டேன் டாக்டர்.
ஆவியிலயே உப்புத் தெரியும்.
சந்தேகமிருந்தா உள்ளங்கையில ஒரு சொட்டு, அவ்வளவுதான்.
செம்பைக்கூட வாயில வைக்கிறதில்ல.
யாரு எச்சிலும் எனக்குள்ள போனதில்ல."

போயிருக்கும் அடைக்கலம்.
நம்மில் அநேகமாக எல்லோருக்குள்ளும் போயிருக்கிறது.
கன்னம் என்று குனிந்து உதட்டில் விழுந்த முத்தத்தில்,
மென்று ஊட்டிய ஒரு வாய்ச் சோற்றில்.
ஹெர்பிஸ் குடும்பம், பெயர் நீளம்.
வந்து, ரத்தத்தில் படுத்து,
இத்தனை வருஷம் உங்களோடு
பந்திக்குப் பந்தி வந்துகொண்டிருந்தது.

மதுரையில் ஒரு மழைக்காலம் முழுக்க
இதற்காகக் கண்விழித்திருக்கிறேன்.
சல்லடைச் சவ்வின் மேல் வாய்ச்செல்களை வளர்த்தேன்.
விளிம்போடு விளிம்பு ஒட்டிப் படுத்தன.
ஆத்தங்குடிக் கல் என்று சொல்ல வாய் வருகிறது;
இவற்றில் பூ கிடையாது,
இடுக்கில் ஊசியும் நுழையாது.

மேலே ஊற்றினேன் வைரஸை.
எச்சில் வரும் பக்கம், சோறு வரும் பக்கம்,
முத்தம் வரும் பக்கம்.
மூன்று நாள்.
அங்கொன்று இங்கொன்று, மற்றபடி இருட்டு.

சவ்வுக்கு அடியில் ஊற்றினேன்.
தட்டு முழுக்கப் பச்சைப் பச்சையாக எரிந்தது.

எங்கள் ஊர் வீடும் அப்படித்தானே.
முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில்.
முன்னால் தேக்குக் கதவு, பித்தளைக் குமிழ்,
பங்காளிக்கு ஒன்றாக மூன்று பூட்டு.
பின்னால் விறகு இறக்கும் கதவுக்கு
ஒரு கொக்கி.

செல்லுக்கு அடியில் கைகள் உண்டு,
தரையைப் பிடித்துக்கொண்டு நிற்க.
வைரஸின் மேற்சட்டையில் ஒரு புரதம்.
அதில் ஒரு வளைவு வெளியே துருத்தும்.
வளைவில் மூன்றே அமினோ அமிலங்கள்,
தரையிலும் அதே மூன்று, அதே வரிசை.
ஆகவே கையை நான் குறை சொல்ல மாட்டேன்.
தெரிந்ததைத்தான் பிடித்தது.
பிடித்தது உள்ளே வந்தது.

அந்த வளைவை எதிர்ப்புரதத்தால் மூடிப் பார்த்தேன்.
பச்சை குறைந்தது.
"குறைந்தது என்று மட்டும் எழுது,
நின்றது என்று எழுதாதே" என்றார் வழிகாட்டி.

இன்னொன்றும் பார்த்தேன்.
பின்னால் நுழைந்தது, பெருகியபின்
முகப்பு வழியாகத்தான் இறங்கிப் போகிறது,
எச்சிலோடு எச்சிலாக,
வீட்டுக்காரன் மாதிரி.

காவல் சரியாக இருக்கும்வரை கோடு விழாது.
இந்த வெள்ளை வைரஸைப் பற்றிச் சொல்லவில்லை.
காவலைப் பற்றிச் சொல்கிறது.

மின்சாரம் வந்தது.
சீட்டில் மூன்றெழுத்து எழுதி
மடித்துக் கொடுத்தேன்.
மடித்திருக்கக் கூடாது.
மடிப்பிலேயே படித்துவிட்டார்.

கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும்.

"தையில ஒரு முகூர்த்தம் ஒத்துக்கிட்டேன்.
அடுப்புப் பக்கம் போகலாமா?"
"போகலாம். சமையல்ல இது ஒட்டாது.
எதுவா இருந்தாலும் மருந்து இருக்கு.
முதல்ல ரத்தம் குடுங்க."
"எங்க?"

லேப் இதே கட்டடம்தான்.
வாசல் பின்தெருவில்.
அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.
எழுந்து நானே முன்னால் நடந்தேன்.

நடுவழியில் தண்ணீர் கேட்டார்.
என் பாட்டிலைக் கொடுத்தேன்.
அண்ணாந்து, ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றிக் குடித்தார்.
ஒரு சொட்டும் உதட்டில் படவில்லை.