இடைவேளைக் கணக்கு

நாலு நாற்பதுக்கு முதல் வண்டி.
ரோஸ் ஹில் டிப்போ இருட்டில் கிடக்கும்.
கண்ணாடியில் படிந்த ஜூலைப் பனியைச்
செய்தித்தாளால் துடைக்கிறார் சினியென்.
சில்லறைப் பையை இடுப்பில் கட்டுகிறேன் நான்.
முதலை எடுப்பது நாங்கள்;
முதலாளி என்ற பேர் மட்டும் வேறொருவருக்கு.

ஒன்பது மணிக்குச் சம்பளம் எங்களை இறக்கிவிடும்.
இரண்டு மணிக்குத் திரும்ப ஏற்றிக்கொள்ளும்.
நடுவே ஐந்து மணிநேரம்.
யாருடையது என்று ஒப்பந்தத்தில் இல்லை.
வீட்டுக்குப் போய்வர நாலு பேருந்து மாறணும்;
போனால் அங்கே பாத்திரங்கள்.
ஆகவே ஓய்வறை பெஞ்சு,
காலணி கழற்றாத தூக்கம்.
"சீருடையில் தூங்கினால் அந்தத் தூக்கமும் கம்பெனிச் சொத்து"
என்றான் மெக்கானிக் ரெஹாஸ்.
சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை.

அவனிடம் கிரீஸ் விரல் பதிந்த ஃபோட்டோகாப்பி ஒன்று.
பிரெஞ்சில் படித்துக் கிரியோலில் சொல்வான்.
என் காதுக்குள் அது தமிழாகும்,
கோயில் பள்ளிக்கூடத்துச் சனிக்கிழமைத் தமிழ்.
உபரி என்றால் மிச்சம்.
மிச்சம் என்றால் எனக்குச் சட்டியில் ஒட்டிய சோறு.
"அதில்லை," என்றான்,
"உன் சட்டிக்கு வராமலே போனது."

நம்பவில்லை. டிக்கெட் சுருளில்
நீலப் பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தேன்.
பதினொரு நாள்.
காலை ஏழரைக்கு, போ பாசேன் தாண்டுமுன்,
என் நாள்கூலி, சினியென் கூலி, டீசல்,
டயர் தேய்ந்த காசு எல்லாம் வந்துவிட்டன.
அப்புறம் கிழித்ததெல்லாம்?
கணக்கில் பிழை இருக்கலாம்.
இன்சூரன்ஸ், பட்டறை என்று சேர்த்தால்
கோடு கொஞ்சம் கீழே நகரும்.
ஆனால் கோடு இருக்கிறது.

இன்று மூன்றாம் நாள். கதவைப் பூட்டி வெளியே நிற்கிறோம்.
இடைவேளைக்கும் கூலி, அதுதான் கேட்டது.
சர்க்கரை மூட்டை கிடங்கில் காத்திருக்கும்.
தைத்த சட்டை காத்திருக்கும்.
போர்ட் லூயிஸுக்குப் போகும் பயணத்தை மட்டும்
நாளைக்கென்று அடுக்கிவைக்க முடியாது;
செய்யும்போதே தீர்ந்துபோகும் சரக்கு.
அதுதான் எங்கள் பலம் என்றான் ரெஹாஸ்.

அப்போது ஜோசியான் வந்தாள்.
மருத்துவமனையில் தரை துடைப்பவள்,
வழக்கமாக மூன்றாவது இருக்கை.
நடந்தே வந்திருக்கிறாள், குதிகாலில் ரத்தம்.
"அரைநாள் கூலி போச்சு.
உங்கள் சண்டைக்கு
நான் ஏன் டிக்கெட் எடுக்கணும்?"

ரெஹாஸ் தாள்களைப் புரட்டினான்.
ஒரு பக்கம் பிரதியெடுக்கையில்
முழுக்கக் கறுத்துப்போயிருந்தது.
அதிலே இருந்திருக்கலாம்.

யாரும் பேசவில்லை. அவள் போய்ப்
பழக்கதோஷத்தில், வண்டி வராத
நிழற்குடையில் உட்கார்ந்தாள்.
பேருந்து நிறுத்தம். வேலை நிறுத்தம்.
தமிழில் இரண்டும் ஒரே சொல்லில் போய் முடிகின்றன.
அவளிடம் இதைச் சொல்லக்
கிரியோலில் வழியில்லை.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.
நகரவும் இல்லை, பார்க்கவும் இல்லை.
பிறகு மணி கேட்டாள்.
பன்னிரண்டு.
மற்ற நாளென்றால் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருப்பேன்.
இந்த மணிக்கு
இன்றைக்கும் சம்பளம் இல்லை.