கொதிகலன் கூட்டம்

போஸ்னியாவில் ஆற்றோரம் ஒரு பள்ளிக்கூடம்.
கட்டடம் ஒன்று, வாசல் இரண்டு.
குரோட் பிள்ளைகளுக்குக் கிழக்கு வாசல்,
போஸ்னியாக் பிள்ளைகளுக்கு மேற்கு.
நடுவே கம்பிவேலி. அதில் மாட்டிய பந்து
யாருடையதென்று இன்னும் முடிவாகவில்லை.

நிலவறைக் கொதிகலன் மட்டும் பொது.
ஜனவரியில் அது செத்தது.
இரண்டு பக்கமும் ஒரே குளிர்.

என் வேலை மொழிபெயர்ப்பு.
ரொட்டியை அங்கே க்ரூஹ் என்பார்கள், இங்கே ஹ்லியெப்.
இரண்டையும் எல்லோரும் தின்று வளர்ந்தவர்கள்தான்.
ஆனாலும் விதி விதிதான்:
அவர்கள் காதில் கருவி, மூலையில் மைக்கோடு நான்,
ஏற்கெனவே புரிந்துவிட்டதை
மூன்று நொடி தாமதமாகப் புரியவைக்கச் சம்பளம்.

முதல் ஒன்றரை மணி நேரம்
கொதிகலன் என்ற சொல்லே வரவில்லை.
தொண்ணூற்று மூன்றில் பாலத்தைத் தாண்டி வந்தது யார்,
யார் வீட்டுக் கதவு இப்போது யார் வீட்டில்.
ஸ்வோனிமிர் மேசையைக் குத்தினார்.
அதற்கு இரண்டு மொழியிலும் ஒரே சத்தம்.

பிறகு ஹைரியா எழுந்தார்.
கோட்டைக் கழற்றவில்லை, கையுறையையும்.
"நான் மன்னிக்க வரவில்லை.
நான் வராவிட்டால்
என் பேரில் வேறொருவன் வந்து பேசுவான்.
அவனுக்கு என் மகன் செத்தது போதும்.
மீன் முள்ளைக் கண்டால் அழுவான் என் மகன்,
கணக்கில் மோசம், மஞ்சள் சாக்ஸ் மட்டுமே போடுவான்.
இதெல்லாம் அவனுக்குத் தேவைப்படாது.
எதிரே இருக்கிறவர்களுக்கும்
அப்படி ஒருவன் பேசிக்கொண்டிருக்கிறான்.
அவனைத் தொலைக்காட்சியில் பார்க்கிறேன்.
அதனால்தான்
அவர்கள் வாயாலேயே கேட்கலாமென்று வந்தேன்."

மொழிபெயர்ப்பில் 'அவர்' கிடையாது,
'நான்' என்றுதான் சொல்ல வேண்டும்.
என் மகன், என்றேன்.
எனக்குப் பிள்ளையே கிடையாது.
மஞ்சள் சாக்ஸில் குரல் உடைந்தது.

எதிர்வரிசையில் யாரும் அழவில்லை.
யாரும் எழுந்துபோய்க் கட்டிக்கொள்ளவில்லை.
ஒருவர் இருமினார்.
ஸ்வோனிமிர் கண்ணாடியைத் துடைத்தார்,
மறுபடி துடைத்தார்,
"பம்புக்கு எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார்.

"நாலாயிரம் மார்க்," என்றார் ஹைரியா.
"அநியாயம்."
"ஆமாம், அநியாயம்."

அதை மொழிபெயர்க்க மறந்துபோனேன்.
யாரும் புகார் சொல்லவில்லை.

பம்பு வாங்குவதென்று முடிவானது.
வேலியைப் பற்றி மார்ச்சில் பேசலாமாம்.
மார்ச்சிலும் மேசை குத்துப்படும், தெரியும்.
ஆறு மணி நேரத்துக்குப் பில் எழுதினேன்.
விட்டுப்போன அந்த நாலு வரியை
கழித்துக்கொள்ளவில்லை.