நினைவு மதிப்பு

கேஸ்கே தம்மேனாவின் கோப்பில்
ஒரு பக்கம் முழுக்க மாடுகள்,
காது எண்களோடு.
அடுத்த பக்கத்தில்
மேயாத, அசைபோடாத, சாணி போடாத ஒன்று:
பால் கறக்கும் உரிமை,
ஆண்டுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் கிலோ.
தொட்டறிய முடியாத சொத்து என்ற தலைப்பின் கீழ்
2003 ஜூலையில் எழுதியது நான்.

கோட்டாச் சந்தையில் முகம் கிடையாது.
விற்பவர் ஓர் உறை, வாங்குபவர் ஓர் உறை.
இரண்டு கோடுகள் வெட்டிக்கொண்ட இடத்தில்
விலை விழுந்தது:
கிலோவுக்கு எழுபத்தொரு சென்ட்.
ஆனால் அந்த வாரமே
வூபோ ஹார்ம்ஸின் கொட்டிலிலிருந்து
பதினெட்டுக் கறவைகள் லாரி ஏறின.
கடல் தடுப்புக் கரைக்கு இந்தப் பக்கம்
உறைக்குள் யார் என்று
ஒருவரும் கேட்கவில்லை.

எண்பத்தையாயிரத்து இருநூறு யூரோ.
வூபோ அதை வங்கியில் போட்டார்.
அதே கிளை, அதே மேசை,
கேஸ்கே பதினைந்து வருடக் கடனுக்குக்
கையெழுத்துப் போட்ட மேசை.
செலவு குறைத்துக் கறப்பவர் கைக்கு
உரிமை தானே போய்ச் சேரும் என்பது பாடம்.
போய்ச் சேர்ந்தது.
வூபோ நஷ்டத்துக்குக் கறந்தவர்,
இடது முழங்கால் வேறு போயிருந்தது.
பாடத்தில் பிழை கண்டுபிடிக்க
நானும் பார்த்தேன், வரி வரியாக.

பாலுக்குப் பால் பிரித்தவர்கள்
மடிக்குச் சொல்ல மறந்துவிட்டார்கள்.
கடைசிக் குளிர்காலம்
வரம்பை மீறினால் கிலோவுக்குக் கிலோ அபராதம்.
கேஸ்கே வாளி வாளியாகக்
கன்றுகளுக்கு ஊற்றினாள்.
ஆறு மாடுகளை முன்கூட்டியே வற்ற வைத்தாள்.
தேநீரில் பாலேட்டை மட்டும்
அளக்காமல் விட்டாள்;
கலக்காமல் விட்டால் மேகமாய் எழும்பும்,
அதை இருவரும் பேசாமல் பார்த்தோம்.

2015 மார்ச் 31, நள்ளிரவு.
ஐரோப்பா முழுக்க வரம்பு போயிற்று.
விடிந்ததும் பால் லாரி வந்தது,
எப்போதும்போல ஐந்தே முக்காலுக்கு.
எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம்.
எல்லோரும் ஊற்றினார்கள்.
கோடைக்குள் பால் விலை
செலவுக்குக் கீழே போனது.
விலை கொடுத்து வாங்கிய உரிமை
இப்போது எல்லோருக்கும் இலவசம்.
கடனில் இன்னும் மூன்று வருடம் பாக்கி.

நான் வருடத்துக்குப் பத்தில் ஒரு பங்காய்
அந்தச் சொத்தைத் தேய்த்துக்கொண்டே வந்திருந்தேன்.
பூஜ்யம் வரை தேய்ப்பது வழக்கமில்லை.
பொருள் இருக்கும்வரை
ஒரு யூரோ விட்டுவைப்போம்.
அதற்குப் பெயர் நினைவு மதிப்பு.

கணக்கு முடிக்கும் நாளில்
அந்த ஒரு யூரோவையும் அடித்தேன்.
கேஸ்கே எட்டிப் பார்த்தாள்.
"அது எங்கே போகிறது, ஓக்கா?"
எங்கும் போகவில்லை என்றேன்.
"அப்படியானால் கொடு."
கை நீட்டினாள். சிரிக்கவில்லை.
விரலிடுக்கில் அயோடின் கறை.

பர்ஸைத் திறந்து
ஒரு நாணயம் எடுத்து வைத்தேன்.
அவள் அதை மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு
மாலைக் கறவைக்குப் போனாள்.

கறவை உதைத்தால்
விலகி நிற்கத் தெரியும் அவளுக்கு.
எனக்குத்தான்
அவள் கோப்பு சரியாக முடிந்த பிறகும்
கணக்கு உதைக்கிறது,
ஒரே ஒரு யூரோ.