சாக்குக் கழிவு

காட்பாடி ஸ்டேஷன் இரண்டாம் பிளாட்பாரத்தில்
என் தம்பியைப் பிடித்தபோது
நான் நேதாஜி மார்க்கெட்டில்
பல்லாரி வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தேன்.
போன் வந்தது.
எதிரில் நின்றவருக்கு மூன்று கிலோ கொட்டி
சில்லறை எண்ணிக் கொடுத்த பிறகுதான்
கை நடுங்கியது.

பேப்பரில் எழுதியிருந்தது:
எட்டு சி, இருபது பி.
பாகாயம் போகிற பஸ் நம்பர் மாதிரி.
எந்த வழியாகப் போகும்,
கடைசியில் எங்கே இறக்கிவிடும் என்று கேட்கத்தான்
சத்துவாச்சாரி கோர்ட்டுக்குப் போனேன்.

முதல் வக்கீல் பேப்பரை வாங்கவே இல்லை.
"கஞ்சாவா? எழுபதாயிரம் ஆவும்.
மேல பேசணும்."
மேலே பார்த்தேன்.
மின்விசிறி. அதுவும் ஓடவில்லை.

இரண்டாமவர் மாமா பையனுக்குத் தெரிந்தவர்.
டீ வாங்கித் தந்தார், பாவம்.
பாகப்பிரிவினை, வாய்க்கால் தகராறு
எல்லாம் பார்ப்பாராம்.
"இதையும் பாத்துக்கலாம்மா, இன்னா இப்போ"
என்றபோது கண் என் வளையலில் இருந்தது.
பித்தளை. நான் சொல்லவில்லை.

தொரப்பாடி ஜெயிலில் கம்பிவலைக்கு அந்தப்பக்கம்
யுவராஜ் முகத்தைக் காட்டவில்லை,
காதைக் காட்டினான்.
"உன்னுதாடா?"
சுற்றிலும் நாற்பது குடும்பம் கத்திக்கொண்டிருந்தது.
"சாப்ட்டியா அம்சா" என்றான்.

பணம் இல்லாவிட்டால்
அரசாங்கமே வக்கீல் வைத்துத் தரும் என்று
சொன்னது ஒரு போலீஸ்காரம்மா.
கோர்ட் பெஞ்சில் பூட்ஸைக் கழற்றி
குதிகாலை அமுக்கிக்கொண்டே,
"சட்டப் பணிகள் ஆணைக்குழுன்னு போர்டு இருக்கும், போ.
நான் சொன்னேன்னு சொல்லிகினு இருக்காதே."

பர்வீன் தாஜ் என்று பேர்.
உட்கார் என்றுகூடச் சொல்லாமல்
பேப்பரைக் கேட்டார்.
மூன்று பக்கத்துக்கு முப்பது நிமிஷம்.
பொட்டலம் உடம்பிலா, பையிலா?
பையில் என்றேன்.
"அப்போ மாஜிஸ்திரேட் முன்னாடி
சோதனை போடலைங்கிற வாதம் நமக்கு உதவாது."
இல்லாததை இல்லை என்று சொன்ன
முதல் ஆள்.

ஒரு கிலோ வரை சின்ன அளவு,
மிஞ்சினால் ஒரு வருஷம்.
அதைத் தாண்டிவிட்டால்
பத்து வருஷம் வரைக்கும் போகலாம்.
தம்பிக்கு எழுதியிருப்பது
ஆயிரத்து நாற்பது கிராம்.

நாற்பது கிராம்.
சாம்பார் வெங்காயம் நாலைந்து வரும்.
கொசுறு என்று நான் அள்ளிப்போடுவது
அதைவிட அதிகம்.

"எதுல வெச்சு நிறுத்தாங்க மேடம்?"
நிமிர்ந்து பார்த்தார்.
மண்டியில் மூட்டை இறங்கினால்
சாக்குக்குக் கழித்துத்தான் எடை எழுதுவோம்.
கழிக்காத ஆளிடம்
மறுநாள் எவனும் சரக்கு எடுக்க மாட்டான்.
பக்கத்தைத் திருப்பினார்.
பழுப்பு டேப் சுற்றிய கவர், உள்ளே செய்தித்தாள்,
'மேற்படி பொட்டலத்துடன் எடை போட.'
மேற்படிக்குக் கீழே கோடு போட்டார்.
இன்னொரு தடவையும் போட்டார்.

ஜாமீன் மனு போட்டிருக்கிறது.
கிடைக்குமா என்று அவர் சொல்லவில்லை.
நானும் வற்புறுத்தவில்லை.

ராத்திரி கடை கட்டியதும்
ஒரு கவர், இரண்டு தாள் பேப்பர், அரைச்சுற்று டேப்
மின் தராசில் வைத்தேன்.
நாற்பத்தாறு.
எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன்.
நாற்பத்தாறுதான்.

சிரித்துவிட்டேன், தனியாக.
அப்புறம்தான் மனசு மீதியைக் கணக்குப் போட்டது:
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நாலு.
அது சாக்கும் இல்லை, டேப்பும் இல்லை.
அதைப் பற்றிக் கேட்பது
பர்வீன் மேடத்தின் வேலை இல்லை.

வெள்ளிக்கிழமை மனு பார்க்கும் நாள்.
சாப்பிட்டேன்டா என்று முதலில் சொல்லிவிடுவேன்.